மகனுக்கு வீசிங்: பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்குப் போனால் சரியாகிவிடுமா?

நுரையீரல் மருத்துவர் பதில் அளிக்கிறார்

கடிதம் சொல்வது

சென்னையின் வடமேற்குப் புறநகரில் வசிக்கும் தாய் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். ஏழு வயது மகனுக்கு இரண்டு ஆண்டுகளாக வீசிங். கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் போகும் சாலையை ஒட்டிய குடியிருப்பில், முதல் மாடியில் வீடு. பால்கனிக் கம்பியை இன்று துடைத்தால் நாளைக்கே கரி ஒட்டுகிறது. கணவருக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. அதனால் வரும் ஜூனில் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கே குடிபெயர்ந்து, பையனை அங்கே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று குடும்பத்தில் பேசி வைத்திருக்கிறார்கள். "கிராமத்துக் காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது எல்லோர் வாயிலும் வரும் பேச்சு.

ஆனால் சென்ற கோடை விடுமுறையில் அங்கே தங்கியபோதுதான் பையனுக்கு இழுப்பு அதிகமாகியிருக்கிறது. ஒரு நாள் நள்ளிரவில் நெபுலைசர் வைக்க டவுன் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மாமியார் சமைப்பது விறகடுப்பில். காஸ் அடுப்பு டீ போட மட்டும். ஊருக்கு வெளியே உறவினர் ஒருவர் சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடிக் கனல வைத்துக் கரி எடுக்கும் கரிமூட்டம் போடுகிறார். காற்று திரும்பினால் அந்தப் புகை வீட்டுக்குள் வரும். பீடி, சிகரெட்டைத் தொட்டே அறியாத மாமியாருக்கு நாலைந்து வருடமாக இருமல், இரண்டு படி ஏறினால் இரைப்பு. போனில் பார்த்தால் அந்த ஊருக்குக் காற்றின் தரம் "நல்லது" என்று பச்சையில் காட்டுகிறது.

அவர் கேட்பவை: ஊருக்குப் போகலாமா? இன்ஹேலர் பழக்கமாகிவிடுமா? காற்று சுத்திகரிப்பான் வாங்கலாமா? கரிமூட்டத்தின் மீது புகார் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? உறவு முறியாமல் அதைச் செய்ய முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அவசரமாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஜூனில் பையனை ஊருக்கு மாற்ற வேண்டாம். கிராமம் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் குடியேற நினைக்கும் அந்த வீடு, இன்றிருக்கும் நிலையில், சென்னை வீட்டைவிட அவன் நுரையீரலுக்குப் பாரமானது. சென்ற கோடையில் அவன் உடம்பே அதைச் சொல்லிவிட்டது. அந்த வீட்டை மாற்ற முடியும். மாற்றியபின் போவதைப் பற்றித் தாராளமாக யோசிக்கலாம்.

பட்டணம் என்றால் அழுக்குக் காற்று, கிராமம் என்றால் சுத்தமான காற்று என்ற கணக்கை என்னிடம் வரும் பல குடும்பங்களும் போடுகின்றன. கண்மாயும் வயலும் திறந்த வானமும் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. நுரையீரலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. மூக்கிலிருந்து எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு நேரம், என்ன எரிகிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

பால்கனிக் கரியும் அடுப்படிக் கரியும்

உங்கள் பால்கனிக் கம்பியில் ஒட்டுவதும் அத்தையின் அடுப்படிச் சுவரில் படிந்திருப்பதும் பெரும்பாலும் ஒரே வழியில் பிறந்தவை. டீசல், விறகு, வரட்டி, குப்பை, டயர் என எது எரிந்தாலும், முழுதாக எரியாமல் மிஞ்சும் கார்பன் நுண்துகளாக வெளியே வருகிறது. கண்ணில் பட்டு, கையில் ஒட்டும் பெரிய துகளை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். நாங்கள் கவலைப்படுவது 2.5 மைக்ரானுக்கும் சிறிய, பி.எம். 2.5 என்று சொல்லப்படும் துகள்களைப் பற்றி. தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான் இருக்கும் என்றால் இவற்றின் அளவைப் புரிந்துகொள்ளலாம். புகையில் வரும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைக்கூட எட்டுவதில்லை. அவை மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை வரை, காற்றுப்பைகள் வரை போய்த் தங்குகின்றன. மிக மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கின்றன.

இந்தக் கார்பனில் இரண்டு வகை உண்டு. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பும் பழைய டீசல் எஞ்சினும் தருவதில் கருப்புக் கார்பன் அதிகம். கொழுந்தில்லாமல் கனன்று புகையும் ஈர விறகும் கரிமூட்டமும் தருவது பெரும்பாலும் தார்போன்ற பிசுபிசுப்பான கரிமச் சேர்மங்கள். இந்தப் புகை வெள்ளையாக, சில சமயம் மஞ்சள் கலந்து தெரியும். "மூட்டத்துப் புகை வெறும் ஆவிதான், வெள்ளையாத்தானே போகுது" என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் நீராவி இருப்பது உண்மை. கூடவே கார்பன் மோனாக்சைடு, பார்மால்டிஹைடு, பென்சீன், நுண்ணிய தார்த் துளிகள் எல்லாம் இருக்கின்றன. மண் மூடிய மூட்டத்தில் அடுக்கும் விறகின் எடையில் கால் பங்கு கரியாகக் கிடைத்தாலே பெரிது. மீதியில் பெரும்பகுதி ஆவியாகவும் புகையாகவும் காற்றில்தான் கலக்கிறது. வெள்ளையாக இருப்பதால் அந்தப் புகை சாதுவானது என்று அவர் நினைக்க வேண்டாம்.

விறகுப் புகை இயற்கையானது, டீசல் புகைதான் ரசாயனம் என்பதும் அதேபோன்ற நம்பிக்கைதான். புற்றுநோயை மட்டும் பார்த்தால் டீசல் புகைக்கு எதிரான சான்று இன்னும் வலுவானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையையும், 2013இல் வெளிக்காற்று மாசையும் அதிலுள்ள துகள்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. வீட்டு விறகுப் புகை அதற்கு ஒரு படி கீழே இருக்கிறது. ஆனால் உங்கள் மகனின் பிரச்சினை புற்றுநோய் அல்ல, சுருங்கும் மூச்சுக்குழாய். அந்தக் குழாயை வீங்க வைப்பதில் விறகும் டீசலும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்

தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படிகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், விறகு போன்றவற்றை எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை நுரையீரலுக்குள் போகக்கூடிய துகள்கள் இருந்தன. சமைப்பவர் ஒரு முழு நாளில் சுவாசித்ததன் சராசரி 231. சமையல் பக்கமே போகாதவருக்கு 90. சுத்தமான எரிபொருள் பயன்படுத்திய வீடுகளிலும் சராசரி 82 இருந்தது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இந்தக் கடைசி எண்தான். நம் வீட்டில் விறகு எரியாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் புகை வந்து சேர்கிறது என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தியாவின் தேசிய வரம்பு பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரியாக 40, ஒரு நாளைக்கு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டுதல் ஆண்டுக்கு 5, ஒரு நாளைக்கு 15. போரூர் குழு அளந்த துகள் வகை சற்றே வேறு என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிடக்கூடாது. ஆனாலும் எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அடுப்படிப் புகை அடுப்படியோடு நிற்பதும் இல்லை. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பெட்ரோல், டீசல், நிலக்கரியில் கதிரியக்கக் கார்பன்-14 துளியும் மிஞ்சியிருக்காது. நேற்று வெட்டிய மரத்தில் அது இருக்கும். இதை வைத்து, காற்றில் மிதக்கும் கரி எதிலிருந்து வந்தது என்று பிரித்துவிட முடியும். மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலும் மகாராஷ்டிரத்தின் சிங்ககட் மலையிலும் பிடித்த துகள்களை இப்படிப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வு, தெற்காசியாவின் மேல் மிதக்கும் கார்பன் துகளில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, வரட்டி, பயிர்க்கழிவு போன்றவற்றை எரிப்பதால் வருகிறது என்றது. இந்தியாவில் வெளிக்காற்றின் நுண்துகள் மாசுக்கே மிகப்பெரிய தனிக் காரணம் வீடுகளில் எரியும் விறகும் வரட்டியும்தான் என்று 2015ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்த கணக்கும் சொல்கிறது. ஆக, கிராமத்து அடுப்பின் புகை நகரத்துக்கும் வருகிறது, நகரத்து லாரியின் புகை கிராமத்துக்கும் போகிறது.

2019இல் இந்தியாவில் காற்று மாசால் நேர்ந்ததாக மதிப்பிடப்பட்ட மரணங்கள் 16.7 லட்சம். அதில் வெளிக்காற்றுத் துகள்களால் 9.8 லட்சம், வீட்டுப் புகையால் 6.1 லட்சம். முப்பது ஆண்டுகளில் வீட்டுப் புகையால் சாகும் விகிதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது; வெளிக்காற்றால் சாகும் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. எனவே சென்னைக் காற்றைப் பற்றிய உங்கள் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை.

போனில் தெரியும் பச்சை நிறம்

அந்தப் பச்சையை நம்பி முடிவெடுக்காதீர்கள். காற்றை அளக்கும் நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கின்றன. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரங்களை மையமாகக் கொண்டதுதான். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை அதில் இருக்கின்றன. உங்கள் அத்தை ஊருக்குச் செயலி காட்டும் எண், தூரத்து நிலையம் ஒன்றின் அளவாகவோ செயற்கைக்கோள் படத்தையும் கணினிக் கணிப்பையும் சேர்த்த மதிப்பீடாகவோ இருக்கும். ஊர்க்கோடியில் புகையும் ஒரு மூட்டம் அதன் கண்ணில் படாது. அத்தையின் அடுப்படி படவே படாது.

சென்னை எண்ணிலும் ஒரு குறை உண்டு. நம் நாட்டுக் காற்றுத் தர எண் பி.எம். 2.5ஐ எடையாகத்தான் கணக்கிடுகிறது. அந்த எடையில் கடல் உப்பு எவ்வளவு, டீசல் கரி எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. கருப்புக் கார்பனைத் தனியாக அளக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. நமது காற்றுத் தர எண்ணில் அது இன்னும் இல்லை. மேலும் 24 மணி நேரச் சராசரி, விடிகாலையில் உங்கள் சாலையோரத்தில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கும் உச்சத்தை மறைத்துவிடும்.

பையனுக்கு

இன்ஹேலருக்கு அடிமையாகிவிடுவான் என்ற பயத்தில் மூச்சு இரைக்கும் நாளில் மட்டும் கொடுத்து நிறுத்திவிடுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. நான் திருத்த விரும்பும் விஷயங்களில் இதுதான் முதன்மையானது. இன்ஹேலர் பழக்கமாவதில்லை. உடனே மூச்சைத் திறக்கும் மருந்து ஒன்று. குழாயின் உள்வீக்கத்தை மெல்ல வற்ற வைக்கும் தடுப்பு மருந்து இன்னொன்று. பின்னதை நன்றாக இருக்கும் நாளிலும் மருத்துவர் சொன்னபடி தினமும் எடுத்தால்தான் பலன். மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போவதால், அடிக்கடி கொடுக்கும் ஸ்டீராய்டு சிரப்பைவிட உடம்புக்கு இது மிகக் குறைந்த சுமை. ஸ்பேசர் என்னும் குடுவையை மாட்டித்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தில் பாதி தொண்டையிலேயே படியும். எடுத்தபின் வாய் கொப்புளிக்கச் சொல்லுங்கள்.

தூண்டும் பொருள் எல்லாமே புகைதான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். சீமைக் கருவேலப் பூந்தாதே பலருக்கு ஒவ்வாமை தரும். பழைய பாய், தலையணையில் இருக்கும் தூசிப்பூச்சி, வைக்கோல் தூசி, சளிக் காய்ச்சல் இவற்றில் எதுவும் அன்று இரவு காரணமாக இருந்திருக்கலாம். அதனால்தான் ஒரு குறிப்பேடு வைக்கச் சொல்கிறேன்: தேதி, இருமல் இருந்ததா, இரவில் விழித்தானா, மூச்சைத் திறக்கும் இன்ஹேலர் எத்தனை முறை, அன்று வீட்டில் என்ன எரிந்தது. மூன்று மாதத்துக் குறிப்பு உங்கள் மருத்துவருக்கு ஸ்கேனைவிட உதவும்.

குழந்தைகளைப் பற்றி நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரலை அளந்தார்கள். மாசு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு 18 வயதில் நுரையீரல் திறன் குறைந்திருந்தது. பின்னர் அங்கே காற்றுத் தரம் மேம்பட்டதும் அடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியும் மேம்பட்டது என்று 2015இல் வெளியிட்டார்கள். ஏழு வயதில் உங்கள் மகனுக்கு வளர்ச்சிக் காலம் நிறைய மீதி இருக்கிறது.

பேச்சை முடிக்க முடியாமல் திணறினால், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், மருந்து கொடுத்தும் இருபது நிமிடத்தில் குறையாவிட்டால் யோசிக்காமல் கிளம்புங்கள். 108ஐ அழையுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர அளவை வழியிலும் கொடுங்கள்.

அத்தைக்கு

இந்தக் கடிதத்தில் உண்மையான நோயாளிகள் இருவர். இரண்டாவது நோயாளியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

சிகரெட் பிடிக்காதவருக்கு நுரையீரல் நோய் வராது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சரியல்ல. முப்பது, நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் குனிந்து ஊதிய பெண்களுக்கு சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு வருவது நம் நாட்டில் சாதாரணம். எக்ஸ்ரே நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள் என்கிறீர்கள். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரே நன்றாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்க ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். அதற்கு முன் சளிப் பரிசோதனை: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே காசநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். விறகுப் புகைக்குள் வாழ்பவர்களுக்கு அந்த அபாயமும் கூடுதல்தான். படி ஏறினால் இரைப்பதற்கு இதயமோ ரத்தசோகையோகூடக் காரணமாகலாம் என்பதால் ஒரு இ.சி.ஜி.யும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.

அடுப்பை மாற்றுவது பற்றி. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் அத்தைக்குக் காஸ் இணைப்பு கிடைத்திருக்கிறது. இருந்தும் டீ போட மட்டும்தான் பயன்படுகிறது. இதற்கு அவரைக் குறை சொல்லாதீர்கள். விறகு வேலியில் சும்மா கிடைக்கிறது, சிலிண்டருக்குக் காசு வேண்டும். ரீபில் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு, சிலிண்டர் தீரும் முன்பே இங்கிருந்து பதிவு செய்துவிடுங்கள். அன்று இரவு டவுன் மருத்துவமனையில் நீங்கள் கட்டிய பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோற்றுக்கு மின்சாரக் குக்கர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். உலை கொதிக்கும் நேரம்தான் விறகில் அதிகம் போகிறது. வெந்நீர் அடுப்பை வாசல், ஜன்னலிலிருந்து தள்ளி, காற்று புகையை வீட்டை விட்டு விலக்கிக் கொண்டுபோகும் பக்கம் வையுங்கள். மீன் குழம்பு விறகில் வைத்தால்தான் ருசி என்று அவர் ஆசைப்பட்டால், பையன் இல்லாத நாளில் திறந்த வெளியில், காய்ந்த விறகில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பாதி காஸ், பாதி விறகு என்பது பாதிப் பாதுகாப்பு ஆகாது. கொஞ்சம் புகையே பெரும் தீங்கு செய்துவிடும் என்பதால், விறகு ஏறக்குறைய முழுதாக நின்றால்தான் உடம்பில் மாற்றம் தெரியும்.

காஸ் கொடுத்துப் பார்த்தும் பயனில்லை என்று ஆராய்ச்சியே சொல்கிறது என உங்கள் கணவர் படித்ததாக எழுதியிருந்தீர்கள். அது ஹாப்பின் ஆய்வாக இருக்கும். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்தது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம். காஸ் பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராமாகக் குறைந்தது, மற்றவர்களுக்கு 71. ஆனால் குழந்தையின் பிறப்பு எடையில் கணிசமான வித்தியாசம் இல்லை. குழந்தைகளின் நிமோனியாவும் குறையவில்லை. அவர் படித்தது உண்மைதான். அந்த ஆய்வு கேட்டது கர்ப்ப காலத்தில் தொடங்கி ஓராண்டளவில் கிடைக்கும் பலனை. ஏற்கெனவே மூச்சுக்குழாய் சுருங்கும் ஒரு பையனும், ஏற்கெனவே இரைக்கும் ஒரு பெண்ணும் புகைக்குள் உட்காரலாமா என்பதற்கு அது பதில் சொல்லவில்லை. காஸ் வந்துவிட்டால் எல்லா நோயும் போய்விடும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

கரிமூட்டமும் சட்டமும் உறவும்

நான் வழக்கறிஞர் அல்ல. என் நோயாளிகள் நடந்த வழிகளை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாசற்ற காற்றும் நீரும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சுபாஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் வழக்கில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு; முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவு. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுத்தால் அது அவரிடம் போய்ச் சேரும். கடைசிப் படி, சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. புகை வந்த நாட்களின் படம், மகனின் மருத்துவச் சீட்டு, குறிப்பேடு மூன்றும் கையில் இருக்கட்டும்.

ஆனால் முதல் படியாகச் சட்டத்தை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மழை பொய்த்த வருடத்திலும் அந்த வட்டாரத்தில் பல வீடுகளில் உலை கொதிக்க வைப்பது கரிதான். மூட்டம் போடுகிறவரும் அவர் மனைவியும் இரவு பகலாகப் பக்கத்திலேயே காவல் இருப்பார்கள். விரிசல் விட்டால் மண் போட்டு அடைப்பார்கள். அந்த ஊரிலேயே அதிகப் புகை போவது அவர்கள் நுரையீரலுக்குள்தான். உங்கள் கணவரும் அத்தையும் போய், இரண்டு கோரிக்கைகளை வைக்கலாம்: மூட்டத்தை வீடுகளிலிருந்து இன்னும் தள்ளி, அந்தப் பருவத்தில் காற்று ஊரை நோக்கி அடிக்காத திசைக்கு மாற்றுவது; நன்றாகக் காய்ந்த விறகை மட்டும் அடுக்குவது. பையனின் நள்ளிரவு ஓட்டத்தை அவரிடமே சொல்லுங்கள். தெரிந்தே ஒரு பிள்ளையை மூச்சுத் திணற விடுகிறவர்கள் குறைவு. அவர் செவிசாய்க்காவிட்டால், உங்கள் ஒரு வீடு மட்டும் மனு கொடுக்காமல், புகை போகும் எல்லா வீட்டாரும் ஊராட்சித் தலைவர் வழியாகக் கையெழுத்திட்டுக் கொடுப்பது உறவுக்கும் நல்லது, மனுவுக்கும் பலம்.

அதுவரை சென்னை வீட்டில்

சாலைக் கரி தூரத்தோடு வேகமாகக் குறையும். நெடுஞ்சாலையிலிருந்து சுமார் 300 மீட்டர் தள்ளினால் பெரும்பகுதி கலைந்துவிடும் என்பது அளந்து கண்டது. ஆகவே ராமநாதபுரம் போகாமல், அதே பகுதியில் நாலு தெரு உள்ளே தள்ளி வாடகை வீடு பார்ப்பதே உங்களுக்கு நல்ல வழியாக இருக்கலாம். இதை உங்கள் குடும்பத்தில் யாரும் யோசிக்கவில்லை போலும். அது உடனே முடியாவிட்டால் பையனின் படுக்கையைச் சாலைப் பக்கத்து அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றுங்கள். லாரிகள் அதிகம் ஓடும் இரவிலும், குளிர்ந்த காற்று தரையோடு தங்கிப் புகையை மேலே விடாத விடிகாலையிலும் சாலைப் பக்க ஜன்னல் மூடியிருக்கட்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்ததும் திறந்து விடுங்கள். 2020 ஏப்ரல் முதல் விற்கும், பி.எஸ்.-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்திலான டீசல் வண்டிகளில் துகள் வடிகட்டி இருக்கிறது. பழைய லாரிகள் சாலையை விட்டுப் போக இன்னும் ஆண்டுகள் ஆகும்.

வீட்டுக்குள் நாமே கொளுத்துவதை மறக்காதீர்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் அளந்திருக்கிறார்கள். கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை அவன் பள்ளியில் இருக்கும்போது போட்டு, காற்றோட்டமாக விடுங்கள். போகியன்று அதிகாலையில் அவன் கதவடைத்த அறையில் இருக்கட்டும். 2018 போகிப் புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பிப் போயின.

சுத்திகரிப்பான் வாங்கலாம். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ளதாக, அறையின் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும். கதவு மூடிய படுக்கையறையில் ஓடினால்தான் பலன். ஓசோன் வெளியிடும் வகை வேண்டவே வேண்டாம். ஆனால் கையில் இருக்கும் பணத்துக்கு நான் தரும் வரிசை இது: முதலில் பையனின் தடுப்பு இன்ஹேலரும் ஸ்பேசரும், அடுத்து அத்தையின் சிலிண்டர், அதன் பிறகு சுத்திகரிப்பான். என்-95 முகக்கவசம் ஏழு வயது முகத்தில் சரியாகப் பொருந்துவது அரிது. அதை நம்பிப் புகைக்குள் அழைத்துப் போக வேண்டாம்.

இந்த வருடம் பள்ளி சென்னையிலேயே இருக்கட்டும். மூன்று மாதம் தடுப்பு மருந்தை ஒழுங்காகக் கொடுங்கள். அதற்குள் அத்தையை மதுரைக்கோ சென்னைக்கோ அழைத்து வந்து பரிசோதனைகளை முடித்துவிடலாம். ஊரில் அடுப்பு மாறி, மூட்டமும் தள்ளிப்போனபின், அரையாண்டு விடுமுறையில் ஒரு வாரம் போய்த் தங்கிப் பாருங்கள். கையோடு இரண்டு இன்ஹேலர்களும் ஸ்பேசரும், பையனுக்குச் சொந்தத் தலையணையும் எடுத்துப் போங்கள். அந்த வாரத்துக் குறிப்பேடும் அத்தையின் ஸ்பைரோமெட்ரி அறிக்கையும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அடுத்த ஜூனைப் பற்றி அப்போது பேசுவோம்.